நான்காம் பந்தியில் எழுதியது

போன வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வரும் வழியில், கல்முனை பஸ் நிலையத்தடியில் கச்சான் கடலை வாங்கினேன். கச்சான் எனக்கு ஒத்துக்கொள்ளாது. டொக்டரும் சொல்லிவிட்டார், மனைவியும் சொல்லிவிட்டாள். ஆனாலும் சூடான மணலில் கச்சானைக் கிண்டுகிற அந்த வாசம் மூக்கில் ஏறினால் கை தன்பாட்டில் சட்டைப்பைக்குள் போய்விடும். தின்று முடித்து, அது சுற்றிவந்த கடதாசிச் சுருளை எறிவதற்கு முன் வழக்கம்போல விரித்து வாசித்தேன். கச்சான் சுருளை வாசிக்காமல் எறிகிறவர் எங்கள் கரையில் யாராவது இருந்தால் எனக்கு அறிமுகம் செய்து வையுங்கள். என்னுடைய பொது அறிவில் பாதி இந்த வழியாக வந்ததுதான்.

அது ஒரு வினாத்தாள். தரம் பத்து, புவியியல், இரண்டாம் தவணை. ஓரமெல்லாம் மஞ்சளாகி இருந்தது. கீழ்ப்பாதியில் இலங்கைப் படம் போட்டு, ஆறுகளின் பெயரைக் குறிக்கச் சொல்லியிருந்தது. படத்தில் கிழக்குக் கரை, கல்முனைக்கு நேரே, கடலுக்குள் கொஞ்சம் வீங்கியிருந்தது. நான் அவ்விடத்திலேயே நின்றுவிட்டேன்.

"என்ன தம்பி, கச்சான் பழுதா?" என்றார் கச்சான்காரர்.

"இல்ல, நல்லம். இந்தப் பேப்பர் எங்கால?"

"ஒரு வீட்டுல பழைய கட்டு ஒண்டு தந்தாங்க. முடிஞ்சி. உங்கட கையில இருக்கிறதுதான் கடைசி."

கரையின் அந்த வீக்கம் என் மூத்த சகோதரி பரீதா ராத்தாவின் கை வேலை. அவர் கணவர், என் மச்சான், மௌத்தான பிறகு இரண்டு பெண் பிள்ளைகளையும் ராத்தா வளர்த்தது வினாத்தாள் தட்டச்சு செய்துதான். மருதமுனையில் இருந்து நிந்தவூர் வரை பதினான்கு பாடசாலைகள் தவணைப் பரீட்சைக்கு அவரிடம்தான் வந்தன. வீட்டின் முன்னறையில் ஒரு பழைய கொம்பியூட்டர். அதற்குமேல் தையல் வேலைப்பாடு செய்த துணி. வேலை தொடங்கும்போது துணியை எடுத்து நான்காக மடித்து வைப்பார், முடிந்ததும் போர்த்திவிடுவார். முக்கோணம், வட்டம், தவளையின் வயிறு, பூவின் குறுக்குவெட்டு எல்லாமே மவுஸால் அவரே வரைந்தவை. இலங்கைப் படம் வரைய மட்டும் ஒரு கிழமை எடுத்தது. ஏன் ராத்தா கல்முனை மட்டும் வெளியே தள்ளி நிற்கிறது என்று கேட்டதற்கு, "நம்மட ஊர்தானே, கொஞ்சம் பெருசா இரிக்கட்டும்" என்றார். எட்டு வருஷம் இந்தக் கரையின் பிள்ளைகள் அந்த வீங்கின படத்தில்தான் பரீட்சை எழுதினார்கள். ஒரு புவியியல் ஆசிரியரும் ஆட்சேபிக்கவில்லை.

இப்போது ராத்தாவிடம் அந்தப் படம் இல்லை. அது எப்படி இல்லாமல் போனது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும். இதற்குள் ஒரு விவாதம் வரும், கணினியின் இயங்குதளம் பற்றியது. பயப்படாதீர்கள், எனக்கே அது பாதிதான் விளங்கும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி நான் கல்முனை பிரதான வீதியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்தேன். கொப்பி, லெமினேட்டிங், கலியாணக் கார்ட், தமிழ் டைப்பிங். கடைக்கு ஒரு பெயர் இருந்தது, ஆனால் ஒருவரும் அதைச் சொல்லமாட்டார்கள். மையும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாசம். அதற்கு மேல் சில நாளில் இன்னொரு வாசம் வரும். கொம்பியூட்டருக்குள் புகுந்த பல்லி ஒன்று மின்சாரம் வருகிற இடத்தில் படுத்துச் செத்திருக்கும். அதைக் கண்டுபிடிப்பது நௌபரின் வேலை. மூடியைக் கழற்றாமலே, மூக்கை வைத்து, "இவடத்த" என்று விரலால் காட்டுவான். அவன் காட்டிய இடம் ஒருநாளும் பிழையானதில்லை.

நௌபர் சாய்ந்தமருதுக்காரன், என் வயது. கொம்பியூட்டர் திருத்துவான். அவனுடைய மேசையும் என்னுடைய மேசையும் முதுகுக்கு முதுகு. நான் பின்னால் சாய்ந்தால் என் நாற்காலி அவன் நாற்காலியில் இடிக்கும். ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்து இருவரும் தின்றோம். எங்களுக்குள் ஒரு சண்டையும் இருந்ததில்லை, முகநூலில் தவிர.

முகநூலில் அப்போது 'கரையோரக் கணினி வட்டம்' என்று ஒரு குழு. முந்நூறு பேர் இருந்தார்கள். கதைக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர், அதில் இரண்டு பேர் நாங்கள். கதைக்காமல் வாசிக்கிறவர்களில் ராத்தாவும் ஒருவர். நௌபர் லினக்ஸ் கட்சி. நான் விண்டோஸ் கட்சி. அவன் சொல்வது: அது இலவசம், வைரஸ் அண்டாது, கிழட்டு மெஷினிலும் ஓடும். போதாததற்கு, கள்ள சீடியில் விண்டோஸ் போட்டு அதில் உழைக்கிற வருமானம் ஹலாலா என்று ஒரு கேள்வியும் வைத்தான். அதற்குப் பிறகு குழுவில் இரண்டு நாள் கொம்பியூட்டர் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. நான் சொல்வது: கலியாணக் கார்ட்டுக்கும் வினாத்தாளுக்கும் நாங்கள் பாவிக்கிற பழைய தமிழ் எழுத்துருவும் பக்கம் கட்டுகிற மென்பொருளும் விண்டோஸில்தான் ஒழுங்காக வேலை செய்யும். வேறொன்றில் திறந்தால் மணமகனின் பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும்.

இப்போது யோசித்தால் இரண்டுமே சரி. அவன் கொம்பியூட்டர் என்று சொல்லும்போது அவன் மேசையில் வாய் பிளந்து கிடந்த பழைய மெஷின்களை நினைத்தான். நான் கொம்பியூட்டர் என்று சொல்லும்போது அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கலியாணத்தை நினைத்தேன். யாருக்கு, எந்த வேலைக்கு என்று இரண்டு வருஷத்தில் நாங்கள் ஒருதரம்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. எது சிறந்தது என்பதே எங்கள் கேள்வி. அதற்கு விடை கிடைத்துவிட்டால் பிறகு எதைப் பற்றி எழுதுவது என்ற பயமும் உள்ளுக்குள் இருந்திருக்கும்.

இதில் ஒரு விசேஷம். கடைக்குள் இந்தக் கதையே எடுப்பதில்லை. என் முதுகுக்குப் பின்னால் அவன் தட்டுகிற சத்தம் கடுமையாகும். எனக்குத்தான் மறுப்பு எழுதுகிறான் என்று தெரியும். எழுதி முடித்ததும் நாற்காலியைத் திருப்பி, "மச்சான், தேத்தண்ணி குடிப்பமா?" என்பான். ஓம் என்பேன். எதிரே வேப்பமரத்தடியில் ஒரு தேத்தண்ணிக்கடை. அங்கே போய்க் கிரிக்கெட் கதைப்போம். திரும்பி வந்து, அவன் எழுதியதை வாசித்து, நான் பதில் எழுதுவேன். நான் முடித்ததும் மறுபடி தேத்தண்ணி. கருத்து முரண்பாடு கூடின நாளில் ஆறு தேத்தண்ணி வரை போயிருக்கிறது. ஒருவரின் முகத்துக்கு முன்னால் அவர் பேச்சை வெட்டக்கூடாது என்று எங்களை வளர்த்திருந்தார்கள். முகநூல் வந்ததால் அந்த மரியாதைக்கு ஒரு குறையும் வரவில்லை, வெட்டுவதற்கு வேறு இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

அங்கே வெட்டினோம் என்றும் சொல்ல முடியாது. நான் பாடசாலையில் மீலாத் விழாப் பேச்சுப் போட்டியில் மூன்று தரம் முதலிடம் வந்தவன். பேச்சு என்றால் முதலில் ஸலாம், பிறகு இறைவனுக்குப் புகழ், பிறகு தலைவருக்கும் நடுவர்களுக்கும் வணக்கம், பிறகு எதிரணி நண்பரின் கருத்தை மனமாரப் பாராட்டுதல். எதிரணியை எவ்வளவு பாராட்டுகிறோமோ அவ்வளவு நல்ல வளர்ப்பு என்று அர்த்தம். சொல்லவந்ததை மணி அடிக்கிறதுக்குச் சற்று முன்னால் சொல்ல வேண்டும். மேடையில் இதனால் ஒரு பழுதும் இல்லை. சபையில் இருப்பவர் எழுந்து போக முடியாது, எப்படியும் கடைசிவரை கேட்டாக வேண்டும். நான் முகநூலிலும் அப்படியே எழுதினேன். ஆட்கள் "மாஷா அல்லாஹ், அருமையான தமிழ்" என்று பின்னூட்டம் போட்டார்கள். நான் எந்தக் கட்சி என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் யோசித்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து, நௌபரை ராத்தா வீட்டுக்குச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனேன். ராத்தாவுக்கு அப்போது ஒரே கவலை வைரஸ். பாடசாலைகளில் இருந்து பென்டிரைவில் வருகிற வைரஸ், கோப்புகளை ஒளித்துவைத்துவிடும். எட்டு வருஷ வினாத்தாளும் ஒருநாள் போய்விடுமோ என்று தொழுகைப் பாயிலும் அதே நினைப்பு. பழைய தாள்கள் இருந்தால்தான் புதியதை அவற்றில் இருந்து திருத்தி, நேரத்துக்குக் கொடுக்க முடியும். பதினான்கு பாடசாலைகளும் அவரிடம் வந்ததே அவர் சுணக்கமாட்டார் என்பதால்தான். ஒரு தவணை பிந்தினால் பட்டணத்து அச்சகத்துக்குப் போய்விடுவார்கள்.

நெய்ச்சோறு போட்டுக்கொண்டே கேட்டார். "தம்பி நௌபர், நீங்க எழுதுற அந்தச் சாமான்ல வைரஸ் வராதா?"

"வராது ராத்தா. நான் நாளைக்கே வந்து போட்டுத் தாறன்."

ராத்தா என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்லுறாய்?"

எனக்கு வாயில் சோறு. என் பக்கத்தில் விருந்தாளியின் கை சோற்றில். வேண்டாம் ராத்தா, உங்கள் தாள் ஒன்றும் அதில் திறக்காது, முதலில் எல்லாவற்றுக்கும் வேறிடத்தில் பிரதி எடுப்போம் என்று சொல்லியிருக்க வேண்டும். பதினைந்து சொல்லுக்குள் வருகிற விஷயம். என் கூட்டாளியை என் ராத்தாவின் வீட்டில், அவர் கையால் சோறு தின்னும்போது, நீ சொல்வது பிழை என்று எப்படிச் சொல்வது? "நல்லந்தான். பார்ப்பம்" என்றேன். ராத்தா என் தட்டில் இன்னொரு கோழித்துண்டு வைத்தார்.

மனம் கேட்கவில்லை. பின்னேரம் கடைக்கு வந்ததும் குழுவில் எழுதத் தொடங்கினேன். என் வாழ்க்கையில் ஆகத் திறமாக எழுதியது அதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன். முதல் பந்தி எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்:

'அஸ்ஸலாமு அலைக்கும். அன்புச் சகோதரர் நௌபர் அவர்களின் ஆழமான கருத்துகளை வாசித்து அகமகிழ்ந்தேன். லினக்ஸ் உலகின் தலைசிறந்த இயங்குதளங்களில் ஒன்று என்பதில் எனக்கு இம்மியளவும் ஐயமில்லை. அதனைப் பயன்படுத்த நாம் ஒவ்வொருவரும் முன்வர வேண்டும்.'

இரண்டாம் பந்தியில் கணினியின் வரலாறு. மூன்றாம் பந்தியில் அறிவைத் தேடுவதன் சிறப்பு. நான்காம் பந்தி 'எனினும்' என்று தொடங்கியது. பழைய எழுத்துருவில் வினாத்தாள் செய்கிறவர்கள், தங்கள் கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுக்காமல் எக்காரணம் கொண்டும் இதனைச் செய்யலாகாது என்று அதில் இருந்தது. அந்தப் பந்தி முழுவதும் ராத்தாவை நினைத்து எழுதியது. அவர் மூன்று ஒழுங்கை தள்ளி இருக்கிறார். சைக்கிளில் நான்கு நிமிஷம். நான் முந்நூறு பேருக்கு எழுதினேன்.

நீளமான பதிவென்றால் முகநூல் முதல் சில வரிகளை மட்டும் காட்டிவிட்டு மீதியை மடித்துவைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் எழுதினதை நானே எப்போதும் விரித்துத்தான் வாசிப்பேன் என்பதால் அது ஞாபகத்தில் வரவில்லை.

ராத்தா கையடக்கத் தொலைபேசியில் அடுப்படியில் நின்று வாசித்தார். 'முன்வர வேண்டும்' வரைக்கும் வாசித்தார். கறி பொங்கிவிட்டது. தம்பியே எழுதியிருக்கிறான், இனி என்ன யோசனை என்று முடிவெடுத்தார். நௌபரும் அதே வரி வரைக்கும்தான் வாசித்தான். இரண்டு வருஷச் சண்டையில் நான் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். அன்று என்னைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு, கேட்காமலே வடையும் எடுத்துத் தந்தான். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. வடையைத் தின்றேன்.

சனிக்கிழமை காலை நௌபர் லினக்ஸ் சீடியோடு ராத்தா வீட்டுக்குப் போனான். நான் ஒரு கலியாணக் கார்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் போடவா, முழுவதையும் அழித்துவிட்டுப் போடவா என்று அந்தச் சீடி ஒரு கேள்வி கேட்கும். எவ்வளவு தெளிவான கேள்வி, பாருங்கள். ஸலாமும் இல்லை, பாராட்டும் இல்லை. ராத்தா, "அந்த வைரஸ் புடிச்சத முழுசா எடுத்துடுங்க தம்பி" என்றார். நௌபர் எடுத்தான். பிரதி எல்லாம் நான் எடுத்து வைத்திருப்பேன் என்று அவன் நினைத்தான். அவன் எடுத்திருப்பான் என்று ராத்தா நினைத்தார். இருவரிடமும் நான் எச்சரித்துவிட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணி போல ராத்தா கடைக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"தம்பி, இது வேகமாத்தான் இரிக்கி. என்ட பேப்பரெல்லாம் எங்க வச்சிரிக்கீங்க?"

நான் சைக்கிளில் போன நான்கு நிமிஷத்தை என் எதிரிக்கும் அல்லாஹ் கொடுக்க வேண்டாம். நௌபர் கொம்பியூட்டருக்கு முன்னால் அசையாமல் இருந்தான். துணி நான்காக மடித்து மேசை ஓரத்தில் இருந்தது. தேத்தண்ணி ஆறியிருந்தது. ராத்தா அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "நீ எழுதியிருந்தாயே தம்பி" என்றார். கோபம் இல்லை. அதைவிடக் கோபித்திருக்கலாம்.

நௌபர் மெஷினைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்து மூன்று நாள் முயன்றான். அழிந்ததை மீட்கிற மென்பொருள்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். கோப்புகள் சில நூறு வந்தன, பெயர் இல்லாமல், வெறும் இலக்கத்தோடு. திறந்தால் பாதிக்கு மேல் குப்பை. ஒன்றில் தவளையின் வயிறு மட்டும் வந்தது. மற்றதில் எட்டாம் கேள்வியில் இருந்து பதினோராம் கேள்வி வரை. இலங்கைப் படம் வரவில்லை. பரீட்சைக்குப் பதினாறு நாள் இருந்தது.

அழுது முடித்த ராத்தா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு யோசனை சொன்னார். "அச்சடிச்சது ஊருக்குள்ளதானே இரிக்கி. தேடுவம்."

பரீட்சை முடிந்த வினாத்தாள் எங்கே போகும் என்று உங்களுக்கும் தெரியும். வடைக்கும் கச்சானுக்கும்தான் போகும். ராத்தா வீடு வீடாகப் போனார். நானும் நௌபரும் கடை கடையாகப் போனோம். சும்மா பேப்பர் தாருங்கள் என்று கேட்டால் ஒருமாதிரிப் பார்த்தார்கள், ஆகையால் வாங்கித் தின்ன வேண்டியிருந்தது. ஒன்பதாம் தர விஞ்ஞானத்தின் முதல் பக்கம் பெரியநீலாவணையில் ஒரு வடைக்கடையில் கிடைத்தது. இரண்டாம் பக்கத்துக்காக அங்கேயே மூன்று நாள் வடை தின்றோம். மாவடிப்பள்ளியில் ஒரு வீட்டில், நெல் மூட்டைக்கு மேல் கட்டி வைத்த ஒரு கட்டு முழுசாக இருந்தது. அன்றைக்கு நௌபர் அந்த வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்தான். கச்சான் எனக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது அந்தப் பதினாறு நாளில்தான், பிறகு நான் அதைப் பிறவிக் குறை என்று சொல்லிவந்தாலும்.

எண்ணெய் ஊறின தாள்களை முற்றத்துக் கயிற்றில் காயப்போட்டு, ராத்தா அவற்றைப் பார்த்துப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தார். நான் விண்டோஸைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். நௌபர் பக்கத்தில் இருந்து வாசித்துக் கொடுத்தான். லினக்ஸில் ஒரு பிழையும் இருக்கவில்லை, விண்டோஸிலும் இல்லை. ஆனால் அதைக் குழுவில் எழுதுகிற நிலையில் ஒருவரும் இல்லை. பதினான்கில் பதினொன்றுக்கு நேரத்துக்குக் கொடுத்தார். மூன்று பாடசாலைகள் போய்விட்டன, பிறகு வரவில்லை. புவியியல் தாளுக்கு இணையத்தில் எடுத்த இலங்கைப் படத்தைப் போட்டார். அதில் கரை நேராக இருந்தது.

இனிச் சொல்லப்போவதை இவ்வளவு கீழே கொண்டுவந்து வைத்திருக்கிறேன், கவனித்தீர்களா? பழக்கம் போகாது.

அந்தப் பதினாறு நாள் முடிந்த கையோடு குழுவில் கதை பரவியது. ஒரு விதவையின் பிழைப்பை நௌபர் அழித்துவிட்டான் என்றார்கள். லினக்ஸ்காரர்களே இப்படித்தான் என்றார் ஒருவர். நான் அப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களிடம் கேட்கத் தேவையில்லை. அவனும் நானும் ராத்தாவும் சேர்ந்து செய்த பிழை, அதில் பெரிய பங்கு என்னுடையது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் என் பழைய பதிவை விரித்து, நான்காம் பந்தியை மட்டும் படம்பிடித்துப் போட்டேன். மேலே, 'அன்றே எச்சரித்திருந்தேன். எவரையும் குறை கூறுவது என் நோக்கமன்று' என்று எழுதினேன். அன்று எனக்கு விழுந்த அளவு விருப்பக்குறிகள் அதற்கு முன்னும் விழுந்ததில்லை, பின்னும் இல்லை. என்னுடைய பதிவுகளிலேயே சொல்லவந்தது முதலாவதாக வந்த பதிவும் அதுதான்.

என் முதுகுக்குப் பின்னால் நௌபர் அதை வாசித்தான். தட்டுகிற சத்தம் கேட்கவில்லை. நான் பதிலுக்குக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் நாற்காலி நகர்ந்தது, என் நாற்காலியில் இடித்தது. எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, எதிரே போனான். வேப்பமரத்தடியில் அவன் தனியாக நின்று தேத்தண்ணி குடிப்பது கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது. என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் முதல் தரம் அந்தக் கடைக்குள் இருக்க வெட்கமாக இருந்தது. எழுந்து போய் அவன் பக்கத்தில் நிற்கிற அளவுக்கு வெட்கம் வரவில்லை.

நாலைந்து மாதத்தில் அவன் கத்தாருக்குப் போனான். போகிற அன்று கடைக்கு வந்து எல்லோருக்கும் போல எனக்கும் ஸலாம் சொல்லிக் கைகொடுத்தான். பெருநாளைக்குப் பெருநாள் வாழ்த்து அனுப்புவான், ஊரில் எல்லோருக்கும் அனுப்புகிற அதே படத்தை. நானும் ஒரு படம் அனுப்புவேன்.

இப்போது எனக்கு ஓர் அலுவலகத்தில் கொம்பியூட்டர் பார்க்கிற வேலை. என்ன லெப்டொப் வாங்குவது, எதைப் போடுவது என்று வாட்ஸ்அப்பில் யாராவது கேட்டால் நான் எந்தக் கட்சியும் எடுப்பதில்லை. என்ன வேலை செய்கிறீர்கள், இப்போது அதற்குள் என்ன இருக்கிறது, அதன் பிரதி வேறெங்கே இருக்கிறது என்று மூன்று கேள்வி கேட்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்பதுதான் முதல் சொல். ஸலாம் சொல்லக்கூட மறந்துவிடுகிறேன் என்று ஒரு மாமா கோபித்துக்கொண்டார். ஊரில் எனக்கு முகத்துக்கு நேரே கதைக்கிறவன் என்று பெயர். அது பாராட்டு இல்லை.

போன வெள்ளிக்கிழமை அந்தச் சுருளை மடிக்காமல் சட்டைப்பையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு ராத்தா வீட்டுக்குப் போனேன். அவர் தட்டச்சை விட்டு ஆறேழு வருஷம். பாடசாலைகள் எல்லாம் தாங்களே அச்சடிக்கின்றன. மூத்தவளின் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். தாளை மேசையில் விரித்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். விரல் நேரே கல்முனைக்குப் போனது.

"கொஞ்சம் கூடத்தான் தள்ளிட்டன், என்ன?" என்றார்.

நான் நின்றபடியே சொன்னேன். "ராத்தா, அண்டைக்குப் பிழை என்ட. சாப்பாட்டுல வச்சி வேணாம் எண்டு உங்களுக்குச் சொல்லியிருக்கணும். சொல்லல்ல."

பிள்ளை தாளைப் பிடித்து இழுத்தது. ராத்தா அதன் கையை மெல்ல விடுவித்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"எனக்குச் சொன்னது சரி. நௌபருக்குச் சொன்னாயா?"

வாசலில் செருப்பைப் போடாமலே நின்று தொலைபேசியை எடுத்தேன். போன பெருநாள் வாழ்த்துப் படத்துக்குக் கீழே எழுதினேன். 'மச்சான், பிழை என்ட. அண்டைக்குக் குழுவில அந்தப் பந்திப் படத்த நான் போட்டிருக்கக் கூடாது.' வேறொன்றும் சேர்க்கவில்லை. அனுப்பிவிட்டு, அந்தப் பழைய பதிவைத் தேடிப் பார்த்தேன். குழுவே இல்லை. எப்போது மூடினார்கள் என்று தெரியாது. என் நான்கு பந்தியும், அதற்குக் கீழே இருந்த மாஷா அல்லாஹ்களும், இரண்டு வருஷம் அவன் எனக்கு எழுதின மறுப்புகளும் எங்கேயும் இல்லை. அவற்றுக்கும் நாங்கள் ஒருவரும் பிரதி எடுத்து வைக்கவில்லை.

மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது பதில் வந்தது.

'தேத்தண்ணி குடிச்சியா மச்சான்?'

போட்டோக்கொப்பிக் கடை இப்போது தொலைபேசிக் கடை. வேப்பமரத்தை வீதி அகலமாக்கும்போது வெட்டிவிட்டார்கள், தேத்தண்ணிக்கடையும் அதோடு போனது. இதையெல்லாம் அவனுக்கு எழுதலாம் என்று தொடங்கினேன். மூன்று வரி ஆனதும் அழித்துவிட்டேன்.

'இல்ல. நீ வா' என்று எழுதினேன்.